பம்பின் உறையைத் தொட்டுப் பார்க்க ஒரு பயணம்

நேயர்களுக்கு வணக்கம். தொழில் நிமித்தமான பயணங்களில் பாதிக்கு மேல் இனி இருக்காது என்று 2020 நவம்பரில் பில் கேட்ஸ் கணித்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் பார்சிலோனாவின் உலகக் கைப்பேசி மாநாடு தொடங்கும் தறுவாயில் ரத்தானதைப் பார்த்துவிட்டு, வீட்டு மேசையில் ஜூம் கூட்டங்களில் உட்கார்ந்திருந்த நமக்கு அது மிகையாகத் தோன்றவில்லை. இன்றோ அந்த மாநாடும் நடக்கிறது, விமானங்களும் நிரம்புகின்றன.

கணிப்பு முழுக்கப் பிழையன்று. வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பதற்காக மட்டுமே ஒரு மேலாளர் காலையில் பறந்துபோய் இரவில் திரும்பிய பயணம் திரைக்கு மாறிவிட்டது. அது திரும்பி வர வேண்டியதும் இல்லை. நிலைத்திருக்கப்போவது வேறு வகைப் பயணம். கோவை கொடிசியா வளாகத்தில் பொறியியல் கண்காட்சி நடக்கும் நாள்களில், பம்பு வாங்க வந்தவரைச் சற்று நின்று கவனியுங்கள். விலைப்பட்டியலை அவர் முதலில் தொடுவதில்லை. வார்ப்பின் உட்புறத்தில் கட்டைவிரலை ஓட்டி ஊசித்துளை இருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளிருக்கும் சுழலியைக் கையால் சுற்றி, எங்காவது உரசுகிறதா என்று காது கொடுப்பார். பிறகு தேநீர் வரும், விலைப் பேச்சு அதற்கப்புறம்தான். அந்தக் கட்டைவிரலுக்கு மாற்றாக எந்தச் செயலியும் இன்னும் வந்தபாடில்லை.

போகும் வழியும் மாறுகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் ரயில் ஆறு மணி நேரத்துக்குள் ஊர் சேர்க்கிறது. விமானம் ஒரு மணி நேரம்தான் என்றாலும், மீனம்பாக்கம் போவதையும் சோதனை வரிசையில் நிற்பதையும் கூட்டினால் இடைவெளி நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ரயிலில் கணக்கை விரித்துவைத்து வேலையும் பார்க்கலாம். பிரான்ஸ் அதே ஆண்டு மே மாதத்தில், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்துக்குத் தடையே விதித்தது. கார்பன் கணக்கு எழுதும் நிறுவனங்கள் ஊழியர் பயணத்தைத் தனி இனமாகக் காட்டுகின்றன என்பதால், ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் நம்மவர்களும் வாங்குபவரின் கேள்வித்தாளில் அதைச் சந்திக்க நேரிடும்.

ஆகவே பயணங்கள் குறையும், ஒவ்வொன்றும் நீளும் என்பது என் கணிப்பு. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கான ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒன்றாகச் செல்லும் விசாவின் விதியைத் தளர்த்தியது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசா பெற்று முறையாகப் பயன்படுத்தியவர், பலமுறை சென்றுவர இரண்டாண்டு விசா பெறலாம். ஒரே பயணத்தில் கண்காட்சி, வாடிக்கையாளர், உதிரிபாகம் தருபவர் என்று மூவரையும் பார்த்து வருவதுதான் சிக்கனம்.

மாநாடு நடத்துவோர்தாம் இதை இன்னும் உணரவில்லை. காலை முதல் மாலை வரை மேடையில் பேச்சை அடுக்கிவிட்டு, உணவுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அதில் பாதி தட்டு ஏந்தி வரிசையில் நிற்பதிலேயே போய்விடுகிறது. மேடைப் பேச்சைக் காணொளியாக முன்பே அனுப்பிவிடலாம், என்னுடையதையும் சேர்த்து. அந்த நேரத்தை உட்கார்ந்து பேச நாலு நாற்காலியோடு கூடிய மேசைகளுக்கும், நீண்ட தேநீர் இடைவேளைக்கும் கொடுத்தால் டிக்கெட் செலவு செய்து வந்தவர் மறுமுறையும் வருவார்.