"சார் லேட்" என்று மெசேஜ் வந்தால் நான் இப்போது செய்வது

வணக்கம் நண்பர்களே. இன்று முன்னுரை கிடையாது, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் காலை 6 மணி ஷிஃப்ட். 5.52-க்கு என் போனில் ஒரு மெசேஜ்: "சார் லேட்". அவ்வளவுதான். ஏன், எவ்வளவு நேரம், ஒன்றும் இல்லை.

நான் அப்போது சூப்பர்வைசர் ஆகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. உடனே கூப்பிட்டேன், பிஸி. மறுபடி கூப்பிட்டேன், பிஸி. மொத்தம் ஆறு தடவை. அவர் 7.10-க்கு வந்தார். சட்டையில் ஒரு பட்டன் தப்பி மாட்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் போனை என் முன்னால் நீட்டினார். கால் லிஸ்ட்டில் ஆம்புலன்ஸ், நான், ஆம்புலன்ஸ், நான், நான் என்று வரிசையாக இருந்தது. "அம்மாவுக்கு மூச்சுத் திணறல் சார். டிரைவருக்கு வழி சொல்லிட்டு இருந்தேன். நீங்க கூப்பிடக் கூப்பிட நடுவுல குரல் விட்டுவிட்டுப் போச்சு." இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மெசேஜ் வந்தால் நான் திரும்பக் கூப்பிடுவதில்லை. ஒரே ஒரு பதில் போடுவேன்: "சரி. நீங்க பத்திரமா? அடுத்து எத்தனை மணிக்குச் சொல்ல முடியும்?"

கவனியுங்கள், "எப்போ வருவீங்க" என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மனிதருக்கு எப்போது வருவோம் என்று எப்படித் தெரியும்? நாம் கேட்டுவிட்டோமே என்று "அரை மணி நேரத்துல வந்துடுவேன் சார்" என்பார். அது பொய்கூட இல்லை, பயத்தில் வருகிற பதில். நாம் அந்த அரை மணியை நம்பி மாற்று ஆள் போடாமல் உட்கார்ந்திருப்போம். அரை மணி ஒன்றரை மணி ஆகும். அப்புறம் அவர்மேல் கோபப்படுவோம். 7 மணிக்கு அடுத்த தகவல் சொல்கிறேன் என்பதை மட்டும் யாராலும் காப்பாற்ற முடியும். அதுவரை ஆள் வரமாட்டார் என்றே வைத்துக்கொண்டு நான் வேலையைப் பிரித்துவிடுவேன். வந்துவிட்டால் நல்லது.

(இருங்கள், கேமரா சாய்கிறது. சரி.)

இதில் எல்லோரும் மறந்துவிடுகிற இன்னொருவர் இருக்கிறார். தன் இடத்துக்கு வரவேண்டிய ரிலீவர் வராததால் கிளம்ப முடியாமல் நிற்கிற நைட் ஷிஃப்ட்காரர். லேட்டாக வந்தவருக்கு நாம் எவ்வளவு பெருந்தன்மை காட்டினாலும் அந்தச் செலவு இவர் தலையில்தான் விழுகிறது. மதியம் 2 மணிக்குத் தூங்கி எழுந்து டூட்டிக்கு வந்தவர் என்றால் காலை 7 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 1997-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று காட்டியது. பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டினால் வண்டி ஓட்டக் கூடாது. அவரை "இன்னும் பத்து நிமிஷம் பாருங்கண்ணே" என்று மெஷின் முன்னால் நிறுத்துகிறோம்.

அதனால் மெசேஜ் வந்ததும் என் முதல் வேலை அவரிடம் நேரில் போய்ச் சொல்வது. ரிலீவர் லேட், 7 மணிக்குத் தகவல் வரும், அதற்கு மேல் உங்களை நிறுத்தமாட்டேன், இதுவரை நின்றதற்கு ஓவர்டைம் எழுதிவிட்டேன். பெரும்பாலும் அவருக்கு வருகிற எரிச்சல் அந்த அவசரத்தின் மேல் இல்லை, ஒன்றும் தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதன் மேல்.

ஃபைன் போட்டால் சரியாகிவிடும் என்று என்னிடம் சொல்லாத முதலாளி இல்லை. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் 10 குழந்தைகள் காப்பகங்களை 20 வாரம் கவனித்து ஓர் ஆய்வு நடந்தது, 2000-இல் வெளியானது. மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக லேட்டாக வரும் பெற்றோருக்கு 6 காப்பகங்களில் ஃபைன் போட்டார்கள். லேட்டாக வருபவர்கள் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்கானார்கள்! காசு கட்டியாயிற்று, இனி என்ன கூச்சம் என்று ஆகிவிட்டது. ஃபைனை எடுத்த பிறகும் எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கவில்லை.

நம் கதை இன்னும் மோசம். 10 நிமிஷம் லேட்டுக்கு அரை நாள் சம்பளம் போகும் என்றால், அடித்துப் பிடித்து ஓடி வரவேண்டியவர் கேட்டிலிருந்தே திரும்பிப் போய்விடுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஆதாரம் கேட்கலாமா? முதல் தடவை கேட்கமாட்டேன். ஒரு நோட்டில் தேதி, எத்தனை நிமிஷம், எத்தனை மணிக்குச் சொன்னார், "குடும்பம்" அல்லது "வண்டி" என்று ஒற்றை வார்த்தை, இவ்வளவுதான் எழுதுவேன். யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கவேண்டிய விஷயம் இல்லை.

ஒரு மாதத்தில் ஐந்து தடவை வந்தால்? அப்போது அந்த நோட்டு பேசும். ஐந்தும் ஒரே காரணம் என்றால் அவருக்கு அந்த ஷிஃப்ட் ஒத்துவரவில்லை, மெமோ கொடுத்து ஒன்றும் ஆகாது. டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று நாள் என்றால் அந்த மூன்று நாளும் முன்கூட்டியே தெரிந்த நாள்தானே, மதிய ஷிஃப்டுக்கு மாற்றிவிடலாம். ஐந்தும் ஐந்து கதை, மெசேஜும் எப்போதும் ஷிஃப்ட் ஆரம்பித்த பிறகுதான் வருகிறது என்றால் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து நேராகக் கேட்பேன். எல்லோர் முன்னாலும் கேட்பது வேண்டாம். உண்மையாகவே கஷ்டத்தில் இருப்பவர்கூட அதைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை உண்மையைச் சொல்லமாட்டார்.

அந்தப் பட்டன் தப்பிய மனிதர் இரண்டு மாதம் கழித்து மறுபடி மெசேஜ் போட்டார். 5.31-க்கு: "அம்மா. ஆஸ்பத்திரி. 7.30-க்குச் சொல்றேன் சார்." 7.28-க்குச் சொன்னார், அன்று வரமுடியாது என்று. நான் கூப்பிடவில்லை. அதற்குள் வேறு ஆள் மெஷினில் நின்று ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. போனில் சார்ஜ் 4 சதவீதம் காட்டுகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.