125 பேருக்குள் ஒரு ஜிம்

அவையில் கூடியிருக்கும் பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

டல்லஸ் வட்டாரத்தில், அதிலும் பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் குடியிருக்கிறவர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறீர்கள்: "எங்கள் சியர்லீடிங் ஜிம்மில் மொத்தமே எழுபது பிள்ளைகள். எதிரே வந்து நிற்பதோ நூற்றுக்கணக்கானவர்கள் பயிலும் ஜிம். இதில் எங்கள் பிள்ளை ஜெயிக்க வழியே இல்லையா?" வழி உண்டு. ஆனால் உங்கள் கவலை ஓரிடத்தில் இருக்கிறது, உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இன்றைக்கு அதைத்தான் விரிவாகப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. பள்ளிக் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நின்று உற்சாகம் ஊட்டுவது ஒரு வகைச் சியர்லீடிங். அதை முறைப்படுத்தியவர் இந்த டல்லஸைச் சேர்ந்த லாரன்ஸ் ஹெர்க்கிமர். 1948இல் டெக்சாஸின் ஹன்ட்ஸ்வில்லில் அவர் நடத்திய முதல் முகாமுக்கு வந்தவர்கள் 52 பெண்களும் ஒரே ஒரு ஆணும். நாம் பேசுவது அதிலிருந்து பிரிந்து வளர்ந்த ஆல்-ஸ்டார் சியர். இதற்குப் பள்ளியோடு தொடர்பில்லை. தனியார் ஜிம்கள் அணி கட்டி, ஒன்றோடொன்று மோதுவதற்காகவே பயிற்சி தருகின்றன. விதிகளை வகுக்கும் யூ.எஸ்.ஏ.எஸ்.எஃப் அமைப்பு 2003இல் உருவானது. அடுத்த ஆண்டே ஆர்லாண்டோவில் உலகப் போட்டி தொடங்கியது. பிள்ளைகளை வயதுவாரியாகவும் திறமைக்கேற்ற லெவல்வாரியாகவும் பிரிக்கிறார்கள்.

அணி பெரியதோ சிறியதோ, களம் ஒன்றுதான். 54 அடி அகலம், 42 அடி ஆழம். ஆறடி அகலப் பட்டைகள் ஒன்பதை அடுத்தடுத்து விரித்த ஸ்பிரிங் தரை. நேரமும் ஒன்றுதான்: இரண்டரை நிமிடம்.

பலர் நினைப்பது போல, முப்பது பேர் ஆடும் அணிக்குப் பதினாறு பேர் ஆடும் அணியைவிடத் தானாகவே அதிக மதிப்பெண் விழுவதில்லை. எத்தனை ஸ்டண்ட் (ஒரு பிள்ளையை மற்றவர்கள் மேலே தூக்கி நிறுத்தும் வித்தை) ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்பது களத்தில் நிற்கும் தலைக்கணக்கைப் பொறுத்தது. ஒரு ஸ்டண்ட் குழுவுக்கு நான்கு பேர்: கீழே தாங்கும் இரண்டு பேஸ், பின்னால் நிற்கும் பேக்ஸ்பாட், மேலே ஏறும் ஃபிளையர். பதினாறு பேர் என்றால் நான்கு குழு. இருபத்தெட்டுப் பேர் என்றால் ஏழு குழு. அதாவது பெரிய அணி அதிகம் செய்து காட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே ஆள் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டிய இடம், பிள்ளைகளை அணிகளுக்குப் பிரித்தெடுக்கும் மே மாதத் தேர்வு நாள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சிறிய ஜிம்மில் ஜூனியர் வயதில் பதினாறு பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு ரவுண்ட்-ஆஃப், பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்பக்கம் கை ஊன்றித் தாவுவது), டக் (கை ஊன்றாமல் அடிக்கும் கரணம்) என்ற வரிசை வரும்; அது லெவல் 3. ஏழு பேருக்குப் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் வரை வரும். அது லெவல் 2. மீதி நால்வர் கார்ட்வீல், வாக்ஓவரோடு நிற்கிறார்கள், லெவல் 1. பதினாறு பேரும் ஒரே அணியில்தான் ஆடியாக வேண்டும், இரண்டாவது அணிக்கு ஆள் இல்லை. எந்த லெவலில் போடுவது?

இங்கேதான் பல சிறிய ஜிம்கள் சறுக்குகின்றன. அந்த ஐந்து பேரின் பெற்றோர் விடமாட்டார்கள். "என் பெண் டக் அடிக்கிறாள், அவளை எப்படி லெவல் 2இல் போடலாம்?" என்பார்கள். அவர்கள் வேறு ஜிம்முக்குப் போய்விடுவார்களோ என்று பயந்து கோச் லெவல் 3 என்று பதிவு செய்துவிடுகிறார். அங்கே டக் அடிப்பவர்கள் பதினாறில் ஐந்து பேர், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நடுவர் தாளிலோ பாதிக்கு மேற்பட்டோர் செய்தால் ஒரு படி, முக்கால்வாசிப் பேர் செய்தால் அதற்கு மேல் ஒரு படி என்று ஏறிக்கொண்டு போகும். ஐந்து பேர் எவ்வளவு அழகாக அடித்தாலும் அணிக்குக் கீழ்ப்படி மதிப்பெண்தான். லெவல் 2இல் போட்டிருந்தால்? பதினாறில் பன்னிரண்டு பேர், சரியாக முக்கால்வாசி. மீதி நால்வருக்கும் நவம்பருக்குள் ஹேண்ட்ஸ்பிரிங் சொல்லிக் கொடுத்துவிட்டால் இன்னும் மேலே போகலாம். அணியின் லெவலை முடிவு செய்ய வேண்டியவர் வரிசையின் நடுவில் இருக்கும் பிள்ளை. உச்சியில் இருக்கும் பிள்ளை அல்ல.

இதே நாளில் பெரிய ஜிம்மில் என்ன நடக்கிறது? ஜூனியர் வயதில் மட்டும் அறுபது பேர் வருகிறார்கள். மூன்று அணியாகப் பிரிக்கிறார்கள். லெவல் 2 அணிக்கு எடுக்கும் இருபது பேருக்கும் ஹேண்ட்ஸ்பிரிங் கைவந்திருக்கிறது. வராதவர்கள் லெவல் 1 அணிக்குப் போய்விட்டார்கள். ஆக, உள்ளூர்ப் போட்டியில் மோதுவது இருபதும் பதினாறும் அல்ல. இருபதுக்கு இருபதும், பதினாறுக்குப் பன்னிரண்டும் மோதுகின்றன. பெரிய ஜிம்மின் பலம் பொறுக்கி எடுக்க முடிவதில் இருக்கிறது.

இந்தப் பலத்தைத் தப்பாகப் பயன்படுத்துவதும் உண்டு. லெவல் 3 தகுதி உள்ளவர்களை வேண்டுமென்றே லெவல் 2இல் இறக்கிக் கோப்பை வாங்குவதைச் சியர் வட்டாரத்தில் சாண்ட்பேகிங் என்பார்கள். எனக்கு இது அறவே பிடிக்காது. தோற்ற அணிக்கு அநியாயம் என்பது ஒருபுறம். ஜெயித்த பிள்ளையும் ஒரு வருடம் புதிதாக எதையும் கற்காமல் இழக்கிறாள். ஆனால் எதிரணியில் ஒரு பெண் வார்ம்-அப்பில் டக் அடித்ததைப் பார்த்த உடனே சாண்ட்பேகிங் என்று முடிவு கட்டாதீர்கள். டம்பிளிங்கில், அதாவது தரையில் அடிக்கும் இந்தக் கரணங்களில், முன்னேறியவள் ஸ்டண்டில் முதல் வருடக்காரியாக இருக்கலாம். ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான். ஸ்டண்டையும், ஸ்டண்ட் குழுக்கள் ஒன்றோடொன்று இணைந்து எழுப்பும் பிரமிடையும் பாருங்கள். அங்கேயும் அணி முழுவதும் சிரமமே இல்லாமல் ஆடினால் அப்போது கேளுங்கள்.

பெரிய ஜிம்மிலும் எல்லாம் இனிப்பல்ல. ஒரே ஒரு வித்தை வரவில்லை என்பதற்காகக் கீழ் அணியில் இரண்டு வருடம் உட்காரும் பிள்ளை அங்கே உண்டு. கிராஸ்ஓவர் என்று இரண்டு அணிகளில் ஆடி, ஒரே நாளில் இரண்டு ரொட்டீன் (முழு ஆட்டம்) முடித்து, கணுக்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளையும் உண்டு.

இந்த வேறுபாட்டுக்காகத்தான் டி2 என்ற பிரிவு இருக்கிறது. ஜிம்மில் பதிவான மொத்தப் பிள்ளைகள் 125க்குள் இருந்தால் அது டி2. டிஸ்னி வேர்ல்டில் நடக்கும் சீசன் இறுதிப் போட்டியான சம்மிட்டில் இவர்களுக்கென்று தனியாக டி2 சம்மிட் நடக்கிறது. தேசிய அளவில் ஏற்பாடு ஒழுங்காகத்தான் இருக்கிறது. உள்ளூரில்தான் குழப்பம். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமைப் போட்டிக்கு ஜூனியர் லெவல் 2இல் நான்கே அணிகள் பதிவு செய்தால், நடத்துபவர்கள் டி2 அணிகளையும் பெரிய ஜிம்களின் அணிகளையும் ஒரே பிரிவாகச் சேர்த்துவிடுவது வழக்கம். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பிரித்துக்கொண்டே போனால் ஒரு பிரிவுக்கு ஒரே அணி மிஞ்சும். எதிரே யாரும் இல்லாமல் முதலிடம் வாங்கிய பிள்ளைக்கு அது தெரியாதா? முகத்திலேயே தெரியும்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு பக்கமும் மூன்று அணி இருந்தால் கட்டாயம் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் சேர்த்தே ஆடட்டும், முடிவை மட்டும் தனித்தனியாக அறிவிக்கட்டும். உங்கள் கோச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, "எத்தனை அணி வந்தால் டி2வைப் பிரிப்பீர்கள்?" என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பணம் கட்டிய பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

பணம் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். போட்டிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவதும் உடைகளை விற்பதும் வார்சிட்டி என்ற ஒரே நிறுவனக் குடும்பம். அவர்கள் போட்டிகளில் அதிகம் செலவழிக்கும் ஜிம்முக்கு அதிகத் தள்ளுபடி என்ற திட்டமும், குறிப்பிட்ட ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் சந்தையை முடக்குகின்றன என்று சில ஜிம்களும் பெற்றோர்களும் 2020இல் டென்னசியின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. இரண்டு வழக்குகளில் 43.5 மில்லியன் டாலருக்கும் 82.5 மில்லியன் டாலருக்கும் சமரசம் ஆனது. செலவைப் பொறுத்துத் தள்ளுபடி கூடினால், நானூறு பிள்ளைகள் உள்ள ஜிம்முக்கும் எழுபது பிள்ளைகள் உள்ள ஜிம்முக்கும் ஒரே போட்டி ஒரே விலையில் கிடைக்காது. உங்கள் மாதக் கட்டணத்தில் அந்த வித்தியாசமும் ஒளிந்திருக்கலாம்.

இனி, சிறிய ஜிம் தன் பலத்தை எங்கே கட்ட வேண்டும் என்று பார்ப்போம்.

பதினாறு பேருக்கு நான்கு குழு. பதினேழாவது ஆள் வீண் அல்ல, அவள்தான் காப்பு. அவளுக்குப் பேஸும் பேக்ஸ்பாட்டும் இரண்டும் பழக்குங்கள். சிக்கலான எண் பத்தொன்பது. நான்கு குழு போக மூன்று பேர் சும்மா நிற்பது நடுவர் கண்ணில் உறுத்தும்.

வியாழக்கிழமை ஒரு ஃபிளையருக்குக் காய்ச்சல், சனிக்கிழமை போட்டி. பெரிய ஜிம்மில் அடுத்த அணியிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவருவார்கள். சிறிய ஜிம்மில் கைக்குக் கிடைத்த ஒல்லியான பிள்ளையை மேலே ஏற்றுவார்கள். பெரும்பாலும் அந்த ஒல்லிப்பெண் அதுவரை பேஸாக இருந்தவள். ஆக ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இரண்டு ஓட்டை. அதற்குப் பேக்ஸ்பாட்டை முன்னே இழுத்துப் பேஸாக்கினால் மூன்று. லெவல் 2இல் கைநீட்டி உயரத்தில் தூக்கும் ஸ்டண்டுக்குப் பின்னால் ஸ்பாட்டர் இல்லாமல் ஆடுவது விதிமீறல், புள்ளி போகும். குள்ளமான பிள்ளையைப் பேக்ஸ்பாட்டாக நிறுத்தினால், பேஸ்கள் கையை முழுதாக நீட்டியதும் அவள் கை ஃபிளையரின் கணுக்காலுக்கு எட்டாது. எட்டாததை எட்ட முன்னே சாய்வாள், அவள் சாய்ந்ததும் ஃபிளையரின் எடை முன்பக்கம் போகும், விழுவது முன்னால்.

இதற்கு மருந்து செப்டம்பரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேருக்கு ஏறத் தெரிந்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு பயிற்சியில் இருபது நிமிடம் ஆட்களை மாற்றிப்போட்டே ஸ்டண்ட் செய்ய வேண்டும். அதையும் மீறி ஆள் குறைந்தால் அந்தக் குழுவை எடுத்துவிட்டு மூன்று குழுவோடு ஆடுங்கள். மூன்று சுத்தமான ஸ்டண்டால் இழப்பது கொஞ்சம். நான்கில் ஒன்று விழுந்தால் இழப்பது அதிகம், அடியும் படும்.

அடுத்தது தரை. வாடகைக் கிடங்கில் நடக்கும் பல சிறிய ஜிம்களில் ஒன்பது பட்டை விரிக்க இடம் இருக்காது. ஏழு பட்டையில் பழகுவார்கள். அதாவது 42 அடி அகலம். போட்டிக் களத்தில் இரு பக்கமும் ஆறடி கூடிவிடும். பிள்ளைகள் தன்னையறியாமல் பரவி நிற்பார்கள். பிரமிடுக்காக ஓடிவந்து சேர இரண்டு எட்டு அதிகம் வைக்க வேண்டியிருக்கும். இசை அதற்காகக் காத்திருக்காது. ஆகவே விளிம்பிலிருந்து இடத்தை எண்ணப் பழக்கக் கூடாது. நடுப்பட்டையைத் தொடக்கமாக வைத்து, "நடுவிலிருந்து வலது இரண்டாவது கோடு" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இடம் சொல்ல வேண்டும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நாளாவது முழுத் தரையை வாடகைக்கு எடுங்கள். புது உடை ஒன்றைத் தள்ளிப்போட்டாவது இதைச் செய்யலாம்.

ஜம்ப், நடனம், அணிவகுப்பு மாற்றம் ஆகிய மூன்றுக்கும் ஜிம்மின் அளவோடு சம்பந்தமே இல்லை. பதினாறு பேர் ஒரே கணத்தில் எழும்பி, கால் விரல் நீட்டி, ஒரே கணத்தில் இறங்குவது முப்பது பேர் அப்படிச் செய்வதைவிட எளிது. சிறிய ஜிம் இங்கே புள்ளியை விட்டுவிட்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கடைசியாக, போட்டி நாள். வார்ம்-அப் என்பது கடிகாரப்படி நகரும் வரிசை. சில நிமிடம் டம்பிளிங் தரை, சில நிமிடம் ஸ்டண்ட் தரை, அப்புறம் நேரே மேடை. பெரிய ஜிம்முக்கு மூன்று கோச் வருவார்கள். உங்கள் ஜிம்முக்கு ஒருவர்தான். அவர் மேடைக்கு முன்னால் உட்கார்ந்தால், இசை மேசையில் நிற்க இன்னொருவர் வேண்டும். அதற்குக் கையில் போன் இருக்கும் ஏதோ ஒரு பெற்றோரை அனுப்பாதீர்கள். போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, பாட்டை முன்கூட்டியே இறக்கிவைத்து, ரொட்டீனைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துப் பழகிய ஒருவரை அனுப்புங்கள். களத்தில் ஒரு பிள்ளை விழுந்து எழாமல் கிடந்தால், இசையை நிறுத்தச் சொல்லும் தூரத்தில் இருப்பவர் அவர்தான்.