ஒழுகும் எஞ்சினும் ஒத்துக்கொள்ளாத மெக்கானிக்கும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு தலைவலி. ஒன்று, வண்டி நின்ற இடத்தில் தரையில் கிடக்கும் ஆயில் பொட்டு. இன்னொன்று, அதைக் காட்டினால் "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியின் பானெட்டைத் திறக்கப் போய்விடும் மெக்கானிக். இன்று இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன். அவரோடு பேசத் தெரியாவிட்டால் முதலாவதும் தீராது.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்வோம். எஞ்சினில் இரண்டு பாகம் சேரும் இடத்தில் வைக்கும் பேக்கிங்குகளும், சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ஆயில் சீல்களும் பெரும்பாலும் ரப்பர் வகை. வருடக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தால் அது மரத்துப்போகும். எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பழைய பேக்கிங் ஒன்றைக் கழற்றிக் கையில் வாங்கிப் பாருங்கள், ரப்பர் என்றே சொல்ல மாட்டீர்கள்; மடக்கினால் படக்கென்று உடையும், உட்கார்ந்திருந்த பள்ளத்தின் வடிவத்திலேயே சப்பையாக இறுகிப்போயிருக்கும். இப்படிப்பட்ட எஞ்சினில் ஓரங்கள் லேசாக ஈரமாகி, அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக இருந்தால், அது வெறும் வியர்வை. சொட்டு விழாதவரை விட்டுவைக்கலாம். தரையில் சொட்டினால் அது வேறு கதை. சூடான எக்ஸாஸ்ட் பக்கம் வடிந்து கருகல் வாடை வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து அது.

சரி, பிடிவாதத்துக்கு வருவோம். "ஒண்ணும் இல்ல, ஓட்டுங்க" என்கிற பிடிவாதம் ஒரு வகை. அதைவிடச் செலவு வைப்பது இன்னொரு வகை: குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கிராங்க் பின் சீல் போயிருச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்று தீர்ப்புச் சொல்வது. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கின் பின்முனையில் இருக்கும் சீலைத்தான் அப்படிச் சொல்கிறார். அது சின்னப் பொருள்தான், ஆனால் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தொட வேண்டுமென்றால் கியர் பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாம் கழன்று வர வேண்டும். பொருளுக்கு ஒரு பங்கு என்றால் கூலி பல பங்கு.

இங்கேதான் ஆயில் எல்லோரையும் ஏமாற்றும். எஞ்சினின் உச்சியில் இருக்கும் டேப்பட் கவர் பேக்கிங்கின் பின் மூலையில் கசிந்தாலும், ஆயில், எஞ்சினின் உடலான பிளாக்கின் பின்பக்கமாகவே வழிந்து இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்துக்கு வந்து அங்கிருந்துதான் சொட்டும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது அச்சு அசலாகப் பின் சீல் கசிவு. ஆயில் அழுத்தத்தைக் கவனிக்கும் பிரஷர் சுவிட்ச் கசிந்தாலும் சில வண்டிகளில் இதே கோலம்தான். போதாததற்கு வண்டி ஓடும்போது கீழே அடிக்கும் காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளிப் பூசிவிடும். அதனால் சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள். ஈரம் எங்கே ஆரம்பிக்கிறது, அதாவது எது எல்லாவற்றுக்கும் மேலே, எது எல்லாவற்றுக்கும் முன்னே நனைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த விவரத்தைக் கற்றுக்கொண்டு போய் மெக்கானிக்குக்குப் பாடம் நடத்தாதீர்கள். "நான் யூடியூப்ல பார்த்தேன்" என்று நீங்கள் ஆரம்பித்த அந்த நொடியில் அவர் காது மூடிக்கொள்ளும், அப்புறம் உங்கள் பேச்சு சரியா தப்பா என்பதெல்லாம் இல்லை, யார் பெரியவர் என்பதுதான் விஷயமாகிவிடும். என் அனுபவத்தில் எடுபடும் பேச்சு ஒன்றுதான்: "அண்ணே, நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவை என் கண்ணுக்குக் காட்டிடுங்க. பார்க்கிறதுக்கான கூலியைத் தனியா குடுத்துடறேன்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கசிவு தேடுவது நேரம் தின்கிற வேலை. பொருள் மாட்டினால்தான் பில் போட முடியும், தேடியதற்கு யாரும் காசு தருவதில்லை. அப்படியிருக்க அவர் ஏன் தேடப்போகிறார்? எனக்கென்னவோ மெக்கானிக்குகளின் பிடிவாதத்தில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான் என்று தோன்றுகிறது.

தேடுவது எப்படி? எஞ்சினை முதலில் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும், மின் இணைப்புகளில் தண்ணீர் போகாமல். அழுக்கு எஞ்சினில் கசிவு தேடுவது வீண் வேலை. கழுவியபின் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வந்து, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பின்பக்கம் பார்த்தால், பளபளவென்று புதிதாக ஒரு கோடு இறங்கியிருக்கும். தெரியாவிட்டால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. அதை ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கை அடித்தால் கசியும் இடம் மஞ்சளும் பச்சையுமாக மின்னும். அதைப் பார்த்தபின் வாக்குவாதத்துக்கு இடமில்லை, பின் சீல்தான் என்றால் பின் சீல்தான், மனதார இறக்கச் சொல்லுங்கள். கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும், கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள், அதே கூலியில் முடியும்.

மாற்றிய சீல் கொஞ்ச நாளில் மறுபடியும் ஒழுகினால், சீலைத் திட்டுவதற்கு முன் பிசிவி வால்வைப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் வழி அது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை எந்த சீல் இளைத்ததோ அதன் வழியாகத் தள்ளும். பல பெட்ரோல் எஞ்சின்களில் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி வாய் மேல் ஒரு காகிதத்தை வைத்தால் லேசாக உள்ளே இழுக்க வேண்டும். தூக்கி எறிந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டு குறுக்கு வழிகளுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். டேப்பட் கவர் போல்ட்டை "இன்னும் ஒரு இழுப்பு" இழுப்பது முதலாவது. அவை மென்மையாக முறுக்க வேண்டிய போல்ட்டுகள். அழுத்தி முறுக்கினால் பேக்கிங் நசுங்கும், தகரக் கவர் வளையும், கசிவு கூடும். அடுத்தது, பேக்கிங் மாற்றாமல் வெளியிலிருந்து சிலிகான் பேஸ்ட்டை அப்புவது. ஆயில் படிந்த பரப்பில் அது ஒட்டாது. உள்ளே அளவுக்கு மேல் வைத்தாலோ, பிதுங்கி உடைந்த துணுக்கு, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். சொட்டுக்கு வைத்தியம் பார்க்கப்போய் எஞ்சினையே இழக்கலாம்.

வேலை நடக்கும்வரை ஆயில் அளவு காட்டும் ஸ்டிக்கை அடிக்கடி எடுத்துப் பாருங்கள், சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் விட்டு. டேஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். அது காட்டுவது அழுத்தத்தை, அளவை அல்ல. ஓடும்போது அது எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டிய நிலை.

வேலைக்கு விடும்போது என்ன மாற்றப்போகிறார், கசிவு நிற்காவிட்டால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பொருளைத் திருப்பிக் கேளுங்கள். கழுவிப் பார்க்கவும் மாட்டேன், காட்டவும் மாட்டேன், இறக்கித்தான் ஆகணும் என்கிறவரிடம் சண்டை வேண்டாம், சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வேலை முடிந்தபின் ஒரு விஷயம். எஞ்சினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு இருக்கிற வண்டி என்றால், அதில் தேங்கிய பழைய ஆயில் கசிவு நின்ற பிறகும் சில நாள் சொட்டிக்கொண்டிருக்கும். அதைத் துடைத்துத் தரச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள், இல்லாவிட்டால் ஒழுங்காக வேலை செய்தவரிடமே போய்ச் சத்தம் போட்டுக்கொண்டு நிற்போம். வணக்கம்.