இது எதுக்குங்க இன்னொரு கத்தி?

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னைக் ‘கத்திகள் சேகரிப்பவர்’ என்று அறிமுகம் செய்ததும் முன்வரிசையில் ஒரு அம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். பயப்படாதீர்கள் அம்மா. ஆயுத விதிகள் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று ஒரு கோடு போட்டிருக்கின்றன. வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் ஆனவற்றை அதிலிருந்து விலக்கியும் வைத்திருக்கின்றன. என்னிடம் இருப்பதெல்லாம் வெங்காயம் நறுக்குகிற ரகம். மொத்தம் 34. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

என் அம்மா ஒரே ஒரு அருவாமனையை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். கல்யாணச் சீரோடு வந்தது அது. வாழைக்காய், பூசணி, அயிரையைத் தவிர எல்லா மீனும், தீபாவளிக்கு எங்கள் வெடிக் கட்டு வரைக்கும் அதில்தான் அறுபடும். நுனியில் தேங்காய்த் துருவல் பல் வேறு. இன்னொன்று வாங்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவர் வயிற்றில் பிறந்த எனக்கு 34 எப்படி வந்தது? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்கப் போகிறேன்.

கத்திப் பைத்தியங்களைக் கேட்டால் முதலில் ஒரு நியாயமான பதில் வரும். ‘ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கத்தி.’ இதற்கு ஜப்பானைச் சாட்சிக்கு அழைப்பார்கள். தவறில்லை. ஒசாகாவை ஒட்டியிருக்கிற சகாய் என்ற ஊர் பல நூறு வருஷமாகக் கத்திக்குப் பேர் போனது. அங்கே கத்தியை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் வேறொருவர், பிடி போடுபவர் இன்னொருவர். மீன் தலையைப் பிளக்க தேபா என்று கனமான ஒன்று. பச்சை மீனை ஏடு ஏடாகச் சீவ யனாகிபா என்று நீளமாக, ஒல்லியாக ஒன்று. காய்கறிக்கு உசுபா. மூன்றுக்கும் ஒரு பக்கம்தான் சரிவு, மறு பக்கம் கிட்டத்தட்டத் தட்டை. காலையிலிருந்து இரவு வரை மீன் சீவுகிற சமையல்காரருக்கு இந்த மூன்றும் வேண்டும்.

எனக்கு? நானும் ஒரு யனாகிபா வாங்கினேன். எங்கள் வீட்டு வஞ்சிரத்தை மார்க்கெட்டில் மீன்காரம்மாவே துண்டு போட்டுக் கொடுத்துவிடுகிறார், அவரும் அருவாமனையில்தான். என் யனாகிபா ஏழு வருஷமாக வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறது. கத்தியோடு சேர்த்து நான் அந்த வேலையையும் வாங்கியிருக்கிறேன் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. கடல் பார்த்த ஒரு சமையலறை, எதிரே பொறுமையாக உட்கார்ந்திருக்கும் விருந்தினர், நான் சீவச் சீவ அவர்கள் சாப்பிடுகிறார்கள். பெட்டிக்குள் அதுவும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது போல. மலையேறாதவர் கையில் இருக்கும் காட்டுக் கத்திக்கும் இதே கதைதான்.

இரண்டாவது காரணம் உருக்கு. நான் 30 வருஷம் இரும்புக்குத் தோய்ச்சல் போடுகிற, அதாவது காய்ச்சி நனைத்துக் கடினம் ஏற்றுகிற பட்டறையில் வேலை பார்த்தவன், ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச அனுமதி கொடுங்கள். உருக்கின் கடினத்தை அளக்க ராக்வெல் என்று ஓர் அளவு இருக்கிறது. வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தில் அழுத்திப் பார்த்து, எவ்வளவு பள்ளம் விழுகிறதோ அதை வைத்து ஓர் எண் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தின் சிவப்புப் பேனாக்கத்தி 56. ஜெர்மனியில் ஜோலிங்கன் ஊர்ச் சமையல் கத்திகள் பெரும்பாலும் 56லிருந்து 58. ஜப்பானியக் கத்தி 60ஐத் தாண்டி 64 வரைகூடப் போகும். எண் ஏறினால் கத்தியின் வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, மெல்லிசாக நிற்கும், நாள்பட மழுங்காது. ஆனால் முரட்டு அடி தாங்காது, பீங்கான் மாதிரித் தெறிக்கும்.

தெறித்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். புதிதாய் வந்த ஒரு ஜப்பானியக் கத்தியால், ‘நீல உருக்கு’ என்கிற வகை, முற்றிய பரங்கிக்காயை வெட்டினேன். பாதியில் சிக்கியது. சிக்கின கத்தியைப் பக்கவாட்டில் நெம்பக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், நெம்பினேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். வாயில் பிறை நிலா மாதிரி ஒரு பொக்கை. போன துண்டைத் தேடி அந்தப் பரங்கிக்காய் முழுவதையும் குப்பையில் கொட்டினோம். அடுத்த வாரமே நான் என்ன செய்தேன்? பரங்கிக்காய்க்கென்று தடிமனான ஜெர்மன் கத்தி ஒன்று வாங்கினேன்.

நோயின் வேர் இதுதான். கடினமும் வேண்டும், அடியும் தாங்க வேண்டும், துருவும் பிடிக்கக் கூடாது, சுலபமாகத் தீட்டவும் வர வேண்டும் என்றால் நாலும் ஒரே கத்தியில் முழுசாக அமைவதில்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். ஆகவே எந்தக் கத்தியை எடுத்தாலும் அதில் இல்லாதது ஒன்று கண்ணை உறுத்தும். அந்த இல்லாததைத் தேடித்தான் அடுத்த கத்தி. அமெரிக்க மடக்குக் கத்திக்காரர்கள் இதில் நம்மைவிட முற்றிப்போனவர்கள். 2001இல் எஸ்30வி என்று ஓர் உருக்கு வந்தது, கத்திக்கென்றே வடித்தது. 2009இல் எஸ்35விஎன். 2019இல் எஸ்45விஎன். 2021இல் மேக்னாகட். கத்தி அதேதான், பிடியும் அதேதான், அலகு மட்டும் வேறு உருக்கு. நாலும் வாங்கியவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் அதைக்கொண்டு அறுப்பது கூரியர் டப்பா, அந்த டப்பாவுக்குள் இருப்பது அடுத்த கத்தி.

ஜப்பானிய உருக்கில் வெள்ளை, நீலம் என்று இரண்டு சாதி. உருக்கின் நிறம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆலையில் அடையாளத்துக்குச் சுற்றிய காகிதத்தின் நிறம் அது. வெள்ளை ஒன்று, வெள்ளை இரண்டு, நீலம் ஒன்று, நீலம் இரண்டு. எண் போட்டுவிட்டால் போதும், மனிதனுக்குள் இருக்கும் குமாஸ்தா எழுந்து உட்கார்ந்துவிடுவான். பிரான்சில் ஒபினெல் என்ற மரப்பிடி மடக்குக் கத்தி 1890இலிருந்து வருகிறது. சிறிதும் பெரிதுமாக 12 அளவு, 1லிருந்து 12 வரை எண். 1935இல் 1ஆம் எண்ணையும் 11ஆம் எண்ணையும் நிறுத்திவிட்டார்கள். ஒன்று ரொம்பச் சின்னது. மற்றது 10க்கும் 12க்கும் நடுவில் வேண்டாத பிள்ளை. யாருக்கும் வேண்டாம் என்று நிறுத்தியதைத்தான் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். என்னிடம் 8 மட்டும்தான் இருக்கிறது. கேட்டீர்களே என்பதற்காகச் சொல்கிறேன், 6ம் இருக்கிறது.

‘டமாஸ்கஸ்’ கத்தி பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பட்டறைக்காரனுக்கு அழகில்லை. அலகில் ஆற்று நீர் மாதிரி வரி ஓடுமே, அது. இன்று அந்தப் பெயரில் விற்பது அநேகமாக இரண்டு வகை உருக்கை மாற்றி மாற்றி அடுக்கி, அடித்து ஒட்டி, அமிலத்தில் நனைத்து வரி எடுத்தது. அழகுதான், குறை சொல்லவில்லை. பழைய டமாஸ்கஸ் வாளின் வரி வேறு. அது மூசை என்கிற மண் குடுவையில் உருக்கி மெதுவாக ஆறவிட்ட கட்டிக்குள்ளேயே விளைந்த வரி. அந்தக் கட்டி போனது தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் இந்த உருக்கை லண்டனில் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் தோண்டினால் பழைய உலைகள் வருகின்றன. நாம் அயல்நாட்டிலிருந்து வரி போட்ட கத்தியைத் தபாலில் வரவழைக்கிறோம். சரி, விடுங்கள்.

இவ்வளவும் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி எனக்குப் புரிந்தது ஒரு சாணைக்காரரால்.

எங்கள் தெருவுக்கு சைக்கிள் ஸ்டாண்ட் போட்டு, பெடல் மிதித்துச் சாணை பிடிக்கும் பெரியவர் வருவார். ஒரு நாள் வீட்டம்மா எனக்குத் தெரியாமல் என் ஐந்தாறு கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். அவர் ஒரு கத்தியை வாங்கி, கட்டை விரலை வாயின் குறுக்கே லேசாக ஓட்டிவிட்டு, ‘சார், எல்லாமே மொண்ணையா இருக்கே. இத்தனை வாங்கினீங்க, ஒரு கல்லு வாங்கலையா?’ என்றார்.

உண்மை. பெட்டியிலிருந்து எடுத்த அன்று தக்காளித் தோல் தொட்டதும் விலகும். மூன்று மாதத்தில் தக்காளி நசுங்கும். உடனே ‘கத்தி சரியில்லை’ என்று மனசு சொல்லும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். புதுக் கத்தி என்ற பெயரில் நான் வாங்கிக்கொண்டிருந்தது கத்தியையே அல்ல, யாரோ ஒருவர் போட்டுக் கொடுத்த கூர்மையை. அது தீர்ந்ததும் அடுத்ததற்குப் போவேன்.

கல் வாங்கினேன், 1000 எண் கல். கல் எவ்வளவு நைசு என்பதைச் சொல்கிற எண் அது. தண்ணீரில் பத்து நிமிஷம் கிடந்து குமிழி அடங்கியதும் எடுத்து, ஈரத்துணி மேல் வைக்க வேண்டும். கத்தி முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் நுழைகிற அளவு சாய்வு. தேய்க்கத் தேய்க்கக் கல்லில் சாம்பல் நிறச் சேறு கட்டும், அதைக் கழுவிவிடக் கூடாது. ஒரு பக்கம் போதுமா என்று கண்ணுக்குத் தெரியாது. மறு பக்கத்தில் கட்டை விரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வழித்துப் பார்த்தால், முனையில் நூல் இழை மாதிரி ஒரு பிசிறு தட்டுப்படும். அடியிலிருந்து நுனி வரை அது தட்டினால்தான் திருப்ப வேண்டும். அந்தப் பிசிறை முதன்முதலாக விரல் உணர்ந்த அன்று எனக்கு அறுபது வயது. பட்டறையில் டன் கணக்கில் உருக்கைப் பதம் பார்த்தவன், ஒரு கத்தியைக் கூராக்கத் தெரியாமல் ஓய்வு பெற்றிருக்கிறேன்.

அதோடு வாங்குவது நின்றிருக்க வேண்டும். ஒரு வருஷம் நின்றது. பிறகு வீட்டில் மொண்ணைக் கத்தி தீர்ந்துபோனது. தீட்டும் சுகம் கண்ட கைக்கு வேலை வேண்டுமே! பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கித் தீட்டினேன். எங்கள் அடுக்குமாடியில் கேட்காமலே கொண்டுவந்து தருகிறார்கள். அதுவும் தீர்ந்து, பழைய சாமான் கடையில் துருப்பிடித்ததாகப் பார்த்து நாலு வாங்கினேன். 30 என்பது 34 ஆனது அப்படித்தான். ‘இது எதுக்குங்க இன்னொரு கத்தி?’ என்று வீட்டம்மா இப்போது கேட்பதில்லை. ‘கல்லு எதுக்கு மூணு?’ என்று கேட்கிறார்.

அம்மாவின் அருவாமனை இன்று அக்கா வீட்டில் இருக்கிறது. போன மாதம் போயிருந்தபோது, தீட்டித் தரட்டுமா என்று கேட்டேன். ‘கை வச்சுடாதடா தம்பி. இந்தக் கூரு என் கைக்குப் பழகிடுச்சு, நீ பாட்டுக்குத் தீட்டி வச்சுட்டா விரல்தான் போகும்’ என்றார் அக்கா. நான் விடவில்லை. வாயை மட்டும் லேசாகத் தடவி விடுகிறேன் என்று ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். பிறகு பார்த்தால், வளைந்த அலகு என் தட்டைக் கல்லில் படியவே மாட்டேன் என்கிறது. அதற்கு உருளைக் கல் வேண்டுமாம். ஆர்டர் போட்டிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை வருகிறது. நன்றி, வணக்கம்.