வயருக்குத்தான் ஃபியூஸ்

வணக்கம் நேயர்களே. காரில் ஆம்பிளிஃபையர் வைக்கும்போது எந்த வயர் இழுப்பது, எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடுவது என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கார் ஆடியோ கடைக்கு வருகிறவர்கள் ஸ்பீக்கர் எத்தனை இன்ச், பேஸ் எப்படி இடிக்கும், எத்தனை வாட்ஸ் என்றெல்லாம் விசாரிப்பார்கள். பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் என்ன வயர் போகப்போகிறது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் கார் தீப்பிடிக்குமா பிடிக்காதா என்பது அந்த வயரில்தான் இருக்கிறது.

ஃபியூஸ் ஆம்பிளிஃபையரைக் காப்பாற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஆம்பிளிஃபையர்களில் அதற்கென்று தனி ஃபியூஸ் கம்பெனியிலேயே வைத்துவிடுகிறார்கள். பேட்டரி பக்கம் நாம் போடுகிற ஃபியூஸ், நடுவில் ஓடுகிற நாலைந்து மீட்டர் வயருக்காக. அந்த வயர் பானட்டுக்குள் இருந்து கிளம்பி, எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவில் இருக்கும் இரும்புத் தகட்டைத் தாண்டி, கார்ப்பெட்டுக்கு அடியில் புகுந்து, சீட் ஓரமாக டிக்கிக்குப் போகிறது. வழியெல்லாம் அதைச் சுற்றி இருப்பது காரின் பாடி. பாடி என்றாலே பேட்டரியின் நெகட்டிவ்.

அந்தத் தகட்டில் ஓட்டை போட்ட இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓட்டையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம், அதாவது குரோமெட், இல்லாமல் வயரை அப்படியே நுழைத்திருந்தால், தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி மேலுறையில் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் அதிர அதிர, மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கக் குலுங்க, விளிம்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே போகும். ஒருநாள் தாமிரம் தகட்டைத் தொட்டுவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றுவதற்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கிற பேட்டரி, அவ்வளவையும் அந்த ஒரு புள்ளியில் இறக்கும். வயர் பழுத்துச் சிவந்து, மேலுறை உருகி, பக்கத்தில் இருக்கும் கார்ப்பெட் பற்றிக்கொள்ளும். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாலும் இது நிற்காது, ஏனென்றால் இந்த வயர் சாவி வழியாக வருவதில்லை. நேராக பேட்டரியிலிருந்து வருகிறது.

அதனால்தான் ஃபியூஸை பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்கச் சொல்கிறோம். 18 அங்குலத்துக்குள், அதாவது ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. வேலைக்கு வசதி என்று ஃபியூஸை டிக்கியில், ஆம்பிளிஃபையர் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயர் முழுவதும் காவல் இல்லாமல் கிடக்கும். அப்படிச் செய்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

சரி, அளவுக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் 1000 வாட்ஸ் என்று போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் புத்தகத்தில் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் என்று ஒரு எண் இருக்கும், ஆம்பிளிஃபையர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி அது. அதுதான் கணக்குக்கு உதவும். அதுவும் இல்லையென்றால் ஆம்பிளிஃபையரின் ஃபியூஸைப் பாருங்கள். 25 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றே ஒன்று இருக்கிறது என்றால், எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டில் அது உள்ளே இழுப்பதே கிட்டத்தட்ட 345 வாட்ஸ்தான். வெளியே வருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 1000 வாட்ஸ் எங்கிருந்து வரும்?

ஒரு சேனலுக்கு 50 வாட்ஸ் வீதம் நான்கு சேனல், மொத்தம் 200 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கிளாஸ் ஏபி என்கிற பழைய வகை ஆம்பிளிஃபையரில் ஏறக்குறைய பாதி மின்சாரம் சூடாகவே போய்விடும். ஆக 400 வாட்ஸ் இழுக்கும். அதை 13.8-ஆல் வகுத்தால் 29 ஆம்பியர். பேஸுக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு 500 வாட்ஸ் கிளாஸ் டி மோனோ, அதாவது மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் ஒற்றைச் சேனல் ஆம்பிளிஃபையர், வைத்தால், அது நூற்றுக்கு எண்பது பங்கு திறனோடு வேலை செய்யும். 45 ஆம்பியர் இழுக்கும். வயரின் தடிமனை கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் குறைந்தால் வயர் தடிமன். முதலாவதற்கு 8 கேஜ் வயரும் 40 ஆம்பியர் ஃபியூஸும் போதும். இரண்டாவதற்கு 4 கேஜ் வயர், 60 ஆம்பியர் ஃபியூஸ். இரண்டையும் ஒரே வயரில் ஓட்டினால் 4 கேஜ், 80 ஆம்பியர். 8 கேஜ் என்பது சுமார் 8 சதுர மில்லிமீட்டர் தாமிரம், 4 கேஜ் என்பது சுமார் 21. எந்தச் சூழ்நிலையிலும் 8 கேஜ் வயருக்கு 50 ஆம்பியரையும், 4 கேஜுக்கு 100 ஆம்பியரையும் தாண்டி நான் ஃபியூஸ் போடுவதில்லை. ஒரு வயரில் வந்து டிக்கியில் இரண்டாகப் பிரிந்தால், மெலிந்து போகிற ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ் வேண்டும்.

வீட்டு வயரிங்கில் மிச்சமான இரண்டரை ஸ்கொயர், அதாவது இரண்டரை சதுர மில்லிமீட்டர், வயரைக் கொண்டுவந்து "இதையே போட்டுவிடுங்கள்" என்பவர்கள் உண்டு. அந்த 45 ஆம்பியர் ஐந்து மீட்டர் இரண்டரை ஸ்கொயரில் ஓடினால், வழியிலேயே ஒன்றரை வோல்ட் தொலைந்துபோகும். 70 வாட்ஸ் சூடு, அதாவது இரண்டு சோல்டரிங் அயனின் சூடு, கார்ப்பெட்டுக்கு அடியில் பரவும். பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கும், ஆம்பிளிஃபையர் கட்டாகிக் கட்டாகி வரும். குறை ஆம்பிளிஃபையரில் என்று அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, கடையில் வாங்கும் வயரை வெளித்தடிமனைப் பார்த்து எடைபோடாதீர்கள். முனையை உரித்துப் பாருங்கள். விரல் தடிமன் மேலுறைக்குள் பென்சில் முள் அளவு கம்பி இருக்கும் வயர்களும் விற்கின்றன. ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளை நிறமும் தெரிந்தால், அது அலுமினியத்தின் மேல் தாமிரப் பூச்சு பூசிய சி.சி.ஏ. வயர். தாமிரம் கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். சி.சி.ஏ. போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை; தெரிந்து வாங்கி, ஒரு அளவு பெரியதாகப் போட்டு, ஃபியூஸையும் அதற்கேற்றபடி வையுங்கள். தாமிரம் என்று சொல்லி இதை விற்பதுதான் அநியாயம்.

ஆம்பிளிஃபையரின் நெகட்டிவை காரின் பாடியோடு சேர்க்கும் எர்த் வயரும் பாசிட்டிவ் வயர் அளவுக்கே இருக்க வேண்டும், நீளம் மட்டும் குறைவாக. பெயின்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகு, வயர் முனையில் மாட்டும் உலோக வளையமான லக் வைத்து போல்ட்டில் இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே வேண்டாம். புதிதாக ஓட்டை போடுவதென்றால் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பல கார்களில் பின்சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. ஆடியோ சிக்னல் வயரை, பேட்டரி வயர் போகாத மறுபக்கமாகக் கொண்டுபோனால் எஞ்சின் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும் தொல்லை பெரும்பாலும் வராது.

ஃபியூஸ் ஒருமுறை போனால் அதே அளவில் மாற்றிப் பாருங்கள். மறுபடியும் போனால் எங்கோ கோளாறு இருக்கிறது, வயரை முழுக்கப் பாருங்கள். அவசரத்துக்கு சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பதும், 40 போன இடத்தில் 80 போடுவதும் ஃபியூஸே இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம்.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, பேஸ் உள்ள பாட்டைச் சத்தமாக வைத்து, மல்டிமீட்டரால் பேட்டரியிலும் ஆம்பிளிஃபையர் டெர்மினலிலும் வோல்டேஜைப் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வயர் மெலிசு, இல்லையென்றால் எர்த்தோ ஃபியூஸ் ஹோல்டரோ லூஸ். அப்புறம் ஒரு வாரம் வண்டி ஓடிய பிறகு, ஃபியூஸ் ஹோல்டரின் ஸ்குரூக்களை இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள். புதிதாகக் கட்டிய வயர் நசுங்கி, ஸ்குரூ லேசாகத் தளர்ந்திருக்கும்.