ஒரு குழாய், எத்தனை குடம்?

(வியாசர்பாடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

அம்மாமார்களே, அண்ணன் தம்பிகளே, வணக்கம். "இங்கே வயல் எங்கய்யா இருக்கு, மக்காச்சோளம் பற்றிப் பேச வந்துட்டே?" என்று மேடை ஏறும்போதே ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். நியாயம்தான். ஆனால் நீங்கள் காலையில் சாப்பிட்ட முட்டை, நாமக்கல்லில் மக்காச்சோளத் தீவனம் தின்ற கோழி போட்டதாக இருக்கலாம். அப்புறம், தண்ணீர்ப் பங்கீடு பற்றி வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெருவுக்கு ஒரு அடிபம்பு. பத்துக் குடம் நின்றால் பத்தும் நிறையும். நாற்பது நின்றால் எல்லாம் அரைக்குடம், கால்குடம். எந்த வீட்டிலும் உலை வைக்க முடியாது. மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலத்தில் இருக்கும் ஈரமும் அந்த மாதிரிதான்.

வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு வழக்கமான இடைவெளி, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25. ஏக்கருக்கு ஏறக்குறைய 27,000 செடி வரும். 25 என்பதை 30 ஆக்கினால் 22,500தான். அடிபம்பு வரிசையில் 4,500 குடம் குறைந்த மாதிரி.

சரி, எல்லாரும் தாராளமாக இடம் விட்டே விதைக்கலாமே? அங்கேதான் சிக்கல். கம்புக்கு இடம் கொடுத்தால் தூர் கட்டி, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டு, ஈடு செய்துவிடும். மக்காச்சோளம் பெரும்பாலும் ஒரு தண்டு, ஒரு கதிரோடு நின்றுவிடும். நல்ல மழை வருடத்தில், இடம் விட்டவர் பக்கத்து வயலைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான்.

இந்தப் பயிருக்குக் கண்டம் பூக்கும் சமயத்தில். உச்சியில் ஆண் பூ, இடுப்பில் கதிர். கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குப் போகிறது. ஈரம் குறைந்தால் ஆண் பூ ஏறக்குறைய தன் நாளில் மகரந்தத்தைக் கொட்டிவிடும்; பட்டு நூல் வெளியே வரப் பிந்தும். மாப்பிள்ளை ஊர்வலம் போன பிறகு பெண் வீட்டார் கதவைத் திறந்த கதை. மணி பிடிக்காது. கடற்கரையில் சுட்ட சோளம் வாங்கும்போது பொக்கைவாய்க் கதிர் ஒன்று கையில் வந்திருக்குமே, அது இப்படியும் வரும். செடி நெருக்கம் அதிகமானால் இந்தப் பிந்தலும் அதிகம்.

அதனால் விதைக்கும் நாளும் முக்கியம். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் பூ கார்த்திகை பிற்பாதியில், வடகிழக்கு மழை கொஞ்சம் மிச்சமிருக்கும்போது வரும். கார்த்திகை வரை தள்ளினால் தையில் பூக்கும். வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பெரம்பலூர்ப் பக்கம் என் மாமா, விதைப்பதற்கு முன் கடப்பாரையால் ஒரு முழம் தோண்டுவார். அடிமண் ஈரமாக, கையில் உருண்டை பிடிக்க வந்தால் செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர். மேலாக மட்டும் நனைந்திருந்தால் 30. அதோடு பாதி நிலத்தில் 95 நாள் ரகம், பாதியில் 110 நாள் ரகம் போடுவார். இரண்டும் ஒரே வாரத்தில் பூக்காதாம்; ஒன்று வறட்சியில் மாட்டினாலும் இன்னொன்று தப்பலாம்.