வேர்டு, எக்ஸெலுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் லேப்டாப் வாங்குகிறோம். "ஆபிஸும் போட்டுத் தரவா சார்?" என்று கடைக்காரர் கேட்பார். வேர்டு, எக்ஸெல் எல்லாம் அடங்கிய மைக்ரோசாப்டின் மென்பொருள் தொகுப்பைத்தான் அவர் சொல்கிறார். பல கடைகளில் அப்படிப் போட்டுத் தருவது திருட்டுப் பிரதிதான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதை ஓட்டுவதற்காக வைரஸ் தடுப்பானையே அணைத்து வைப்பார்கள். கூடவே வேறு என்ன உள்ளே புகுந்தது என்று யாருக்கும் தெரியாது. முறைப்படியே இலவசமாகக் கிடைக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

அப்படிக் கிடைப்பது, வேர்டு, எக்ஸெல் செய்யும் வேலைகளைச் செய்து தரும் லிப்ரே ஆபிஸ் என்ற வேறொரு தொகுப்பு. இதன் வேர் ஜெர்மனியில் உருவான ஸ்டார் ஆபிஸ். 1999இல் அதை வாங்கிய சன் நிறுவனம், மறு ஆண்டே அதன் மூலநிரலை, அதாவது மென்பொருளை உருவாக்க எழுதிய கட்டளைகளை, எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதிலிருந்து ஓப்பன் ஆபிஸ் வந்தது. 2010இல் அதன் உருவாக்குநர்கள் பலர் பிரிந்து வந்து தொடங்கியதுதான் லிப்ரே ஆபிஸ். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். கணக்குத் திறக்கவும் வேண்டாம். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இதில்தான் பழகுகிறார்கள். புராஜெக்ட் அறிக்கை, பயோடேட்டா, கடைக் கணக்கு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும்.

குறையும் உண்டு. வேர்டில் செய்த கோப்பை இதில் திறந்தால் சில நேரம் பக்கம் நகர்ந்துவிடும், அட்டவணை கலையும். கோப்பில் உள்ள எழுத்துரு நம் கணினியில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து வரியின் நீளத்தை மாற்றிவிடும். அதனால் யாரும் திருத்தத் தேவையில்லாத கோப்பைப் பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித்தான் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் அது சரியாகாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சரி, யார் பணம் கட்ட வேண்டும்? ஆடிட்டர் அலுவலகம்போல எக்ஸெல் மேக்ரோக்களை (திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானே செய்துவிடும் சிறு நிரல்களை) நம்பி வேலை நடக்கும் இடத்தில் இருப்பவர்கள். அந்த மேக்ரோக்கள் லிப்ரே ஆபிஸில் அப்படியே ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. பிழைப்பே அதில் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஆண்டுச் சந்தாவும் உண்டு, ஆபிஸ் 2024 போல ஒரே தடவை பணம் கட்டி வாங்குவதும் உண்டு. சந்தா முடிந்துவிட்டால் கணினியில் உள்ள வேர்டில் கோப்பைப் பார்க்கலாம், அச்சடிக்கலாம், திருத்த முடியாது.

மாணவர்கள் சலுகை விலையைத் தேடுவதற்கு முன்னால் கல்லூரி அலுவலகத்தில் ஒன்று கேளுங்கள்: "எங்களுக்குக் கல்லூரி மின்னஞ்சல் உண்டா?" மைக்ரோசாப்ட் ஏற்றுக்கொண்ட கல்வி நிறுவனம் என்றால், அந்த முகவரியை வைத்து உலாவியில் இயங்கும் வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட்டை இலவசமாகவே பயன்படுத்தலாம். கணினியில் நிறுவும் பதிப்பு கிடைக்குமா என்பது கல்லூரி வாங்கியிருக்கும் திட்டத்தைப் பொறுத்தது. இது தெரியாமல் பெற்றோர் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆனால் அந்தக் கணக்கு கல்லூரியுடையது. படிப்பு முடிந்தபின் அதை மூடிவிடும் உரிமை அவர்களுக்கு உண்டு. மூடினால், அந்தக் கணக்கோடு வரும் மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் வைத்த புராஜெக்ட், குறிப்புகள், படங்கள் எல்லாம் போய்விடும். ஆகவே கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே எல்லாவற்றையும் இறக்கி, ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் இன்னொன்றைச் சொந்தக் கூகுள் கணக்கிலும் வைத்துக்கொள்ளுங்கள். கூகுளில் 15 ஜிபி வரை இலவசம். அப்புறம், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரி முகவரியைக் கொடுக்காதீர்கள். நேர்காணல் கடிதம் வரும் நேரத்தில் அது மூடிக் கிடக்கலாம்.

நன்றி, வணக்கம்.